அந்துப்பூச்சி வளர்த்தால் அடுப்பு எரியுமா?

அட்டையில் ஒட்டி விற்கும் பூச்சி வியாபாரம்: காசும் உண்டு, வில்லங்கமும் உண்டு

புதுச்சேரி:

பூச்சி என்றால் அடித்துக் கொல்வதுதான் நமக்குத் தெரியும். அதைச் சோறு போட்டு வளர்த்து, முட்டை எடுத்து, அட்டையில் ஒட்டி, சி.சி. கணக்கில் விற்கும் ஒரு தொழில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஒரு அறை போதும். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். கம்பு மாவும் பிளாஸ்டிக் பேசினும்தான் முதல்.

அப்படியானால் குருசுக்குப்பம் போன்ற இடத்தில், கடலை நம்பி இருக்கும் குடும்பங்களுக்கு இது கை கொடுக்குமா?

கொடுக்கும். ஆனால் பூச்சி தேடிப் போகும் முன்னால், அதை வாங்கப் போகிற ஆளைத் தேட வேண்டும். இந்த வரிசை மாறியதால் கையைச் சுட்டுக் கொண்டவர்கள் ஏராளம்.

61 நாள் கஷ்டம்

கடற்கரைச் சாலையின் வடக்கு முனையைத் தாண்டினால் குருசுக்குப்பம். கொட்டி வைத்த பாறைகளில் அலை மோதும் மீனவர் பகுதி.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஏலம் இல்லை. ஏலம் இல்லாவிட்டால் கூடை சுமக்கும் பெண்களுக்கும் வேலை இல்லை. அரசு நிவாரணம் வந்தாலும் இரண்டு மாதத்தை ஓட்டுவது லேசான காரியம் அல்ல.

வீட்டோடு இருந்து நாலு காசு பார்க்க வழி உண்டா என்று பெண்கள் தேடுவது இந்தச் சமயத்தில்தான். தையல், ஊறுகாய், மெழுகுவர்த்தி எல்லாம் பார்த்தாகி விட்டது. பூச்சி வளர்ப்பு மட்டும் பலர் காதில் விழாத சங்கதி.

ஊருக்குப் புதிதல்ல

பூச்சி வளர்ப்பது புதுச்சேரிக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் கிளையான கொசு ஆராய்ச்சி மையம் 1975-ம் ஆண்டு முதல் இந்த ஊரில் இருக்கிறது. ஆராய்ச்சிக்காக அங்கே கொசுவை வளர்க்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து இவர்கள் ஒரு புதுரகக் கொசுவை உருவாக்கினார்கள். அதன் உடம்பில் 'வோல்பாக்கியா' என்ற பாக்டீரியா இருக்கும். அது இருந்தால் டெங்கு வைரஸ் அந்தக் கொசுவுக்குள் பெருக முடியாமல் திணறும். கொசுவை வைத்தே டெங்குவை மடக்கும் தந்திரம் இது. 2022-ல் இந்தச் செய்தி வெளியானபோது ஊரே மூக்கில் விரலை வைத்தது.

அது சர்க்கார் ஆராய்ச்சி. விற்பனைக்கு அல்ல. விற்பனைக்கு உள்ள பூச்சி வேறு.

கண்ணுக்குத் தெரியாத குளவி

அதன் பெயர் டிரைக்கோகிரம்மா. விவசாய அதிகாரிகள் 'முட்டை ஒட்டுண்ணி' என்பார்கள். குளவி இனம்தான். ஆனால் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மனிதரைக் கொட்டாது.

இது செய்யும் வேலை துப்பறியும் கதை மாதிரி. கரும்பையும் நெல்லையும் பருத்தியையும் துளைக்கும் புழுக்களின் தாய், இலையில் முட்டை வைத்துவிட்டுப் போகும். இந்தக் குளவி மோப்பம் பிடித்து வந்து அந்த முட்டைக்குள் தன் முட்டையைச் செருகி விடும். புழு பிறக்காது. ஏழு, எட்டு நாளில் அதே ஓட்டை உடைத்துக்கொண்டு குளவி வெளியே வரும். திருடன் பிறப்பதற்கு முன்பே தீர்த்துக் கட்டுகிற ஏற்பாடு!

கரும்பில் இடைக்கணுப் புழு உள்ளே போய் விட்டால் மருந்து எட்டாது. வெளியே முட்டையாக இருக்கும்போதே பிடித்தால்தான் உண்டு. அதனால்தான் இந்த அட்டைக்குக் கரும்பு விவசாயியிடம் கிராக்கி.

கன்னிவாடி காட்டிய வழி

ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த இந்தத் தொழிலை வீட்டுப் பெண்கள் கையில் கொடுத்தது எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். திண்டுக்கல் மாவட்டம் கன்னிவாடி வட்டாரத்தில் சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பூச்சியைப் பார்த்து அருவருத்தவர்களே பிறகு முட்டையை சி.சி. கணக்கில் அளந்து, அட்டையில் ஒட்டி, விவசாயிகளுக்கு விற்றார்கள்.

அங்கே ஒரு சவுகரியம் இருந்தது. பருத்தி, காய்கறி போடும் விவசாயிகள் பக்கத்திலேயே இருந்தார்கள். வாங்குகிறவருக்கு விற்கிறவரின் முகம் தெரியும். அட்டையில் குளவி பொரிக்கவில்லை என்றால் மறுநாளே வீட்டு வாசலில் வந்து கேட்பார். அந்தப் பயமே தரத்தைக் காப்பாற்றியது.

அறைக்குள் என்ன நடக்கிறது?

குளவிக்கு முட்டை வேண்டும். அந்த முட்டையைத் தர வேறொரு பூச்சி வேண்டும். அதுதான் கார்சிரா என்கிற அரிசி அந்துப்பூச்சி. பழைய அரிசியில் நூலாம்படை கட்டுமே, அந்தப் பேர்வழியேதான்.

ஒரு பேசினில் இரண்டரை கிலோ உடைத்த கம்பு. அதோடு 100 கிராம் நிலக்கடலைத் தூள், கொஞ்சம் ஈஸ்ட், கொஞ்சம் கந்தகத் தூள். இதில் அரை சி.சி. அந்து முட்டையைத் தூவி, காடா துணியால் இறுக்கிக் கட்டி விட வேண்டும். புழு கம்பைத் தின்று வளரும். 40 நாள் போல ஆனதும் அந்து பறக்க ஆரம்பிக்கும். பேசின் ஒன்றில் நாளுக்கு 10 முதல் 75 வரை கிடைக்கும். 65-ம் நாளிலிருந்து 75-ம் நாள் வரை உச்சம். 90 நாளில் பேசினைக் காலி செய்து விடலாம்.

பறக்கும் அந்தைப் பிடித்து, அடியில் வலை போட்ட கூண்டில் விட்டால் நாலு நாள் முட்டை போடும். நூறு ஜோடிக்கு ஒன்றரை சி.சி. முட்டை. ஒரு சி.சி.யில் மட்டும் சுமார் 18,000 முட்டை இருக்கும் என்றால் எவ்வளவு பொடிசு என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

அடுத்தது முக்கியமான கட்டம். முட்டையைப் புற ஊதா விளக்கின் கீழ் 20 நிமிடம் போல வைக்க வேண்டும். உள்ளே உள்ள அந்துக் கரு செத்துவிடும். இதைச் செய்யாமல் விட்டால் அந்துப் புழு பொரித்து, அட்டையில் உள்ள மற்ற முட்டைகளைத் தின்று தீர்த்து விடும். விளக்கு எரியும்போது கண்ணால் பார்க்கக் கூடாது. பார்வைக்கு ஆபத்து.

பிறகு அட்டையில் கோந்து தடவி முட்டையைத் தூவ வேண்டும். ஏற்கெனவே குளவி இருக்கும் 'தாய் அட்டை' ஒன்றை ஆறு புது அட்டையோடு ஒரே பாலிதீன் பைக்குள் போட்டு வைத்தால் வேலை முடிந்தது. மூன்று, நான்கு நாளில் முட்டை கறுத்துவிடும். கறுத்தால் சரக்கு ரெடி. வெளுத்தே இருந்தால் குப்பைக்குத்தான்.

கறுத்த அட்டையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று வாரம் வரை தள்ளிப் போடலாம். நாள் ஏற ஏற பொரிக்கும் குளவி குறையும். மீன் மாதிரிதான் இதுவும். அன்றன்றைக்குப் போனால்தான் மதிப்பு.

கணக்கு என்ன சொல்கிறது?

கரும்புக்கு ஏக்கருக்கு ஒரு தடவை ஒரு சி.சி. அட்டை. நட்ட நாலாம் மாதத்தில் ஆரம்பித்து 15 நாளுக்கு ஒருமுறை ஆறு தடவை கட்ட வேண்டும். ஆக ஏக்கருக்கு 6 சி.சி.

நூறு ஏக்கர் கைவசம் இருந்தால் 600 சி.சி. தேவை. அதற்கு 40,000 ஜோடி, அதாவது 80,000 அந்து வேண்டும். பேசினுக்கு 2,000 அந்து கிடைத்தது என்று வைத்தால் 40 பேசின். கம்பு மட்டும் 100 கிலோ. இது ஒரு அறையில் அடங்குகிற வேலைதான். இரண்டு, மூன்று பெண்கள் சேர்ந்தால் சமாளிக்கலாம்.

இதில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. தை, மாசியில் நட்ட கரும்புக்கு அட்டை தேவைப்படுவது சித்திரை, வைகாசியில். அதாவது, தடைக் காலமும் அட்டை விற்கும் காலமும் ஒன்று! ஆனால் பேசின் போட்டு அந்து உச்சத்துக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. படகு கரையேறிய பிறகு ஆரம்பித்தால் தடைக் காலத்தில் ஒரு பைசா பார்க்க முடியாது. பொங்கல் முடிந்த கையோடு பேசின் போட்டவருக்குத்தான் அந்த 61 நாளில் பணம் புரளும்.

எதிரிகள் பட்டியல்

முதல் எதிரி எறும்பு. ஒரே ராத்திரியில் மொத்தத்தையும் காலி செய்து விடும். பேசின் வைக்கும் ரேக்கின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும்.

இரண்டாவது சிலந்திப்பேன். கந்தகத் தூள் அதற்காகத்தான்.

மூன்றாவது பிராக்கான் என்ற இன்னொரு குளவி. தென்னந்தோப்பில் கருந்தலைப் புழுவைக் கொல்லும்போது இது நமக்கு நண்பன். அந்து வளர்க்கும் அறைக்குள் நுழைந்து விட்டால் துரோகி. புழுக்களைக் கொட்டிப் போட்டு விடும்.

நாலாவது வெயில். 27, 28 டிகிரியில்தான் வளர்ப்பு நன்றாக இருக்கும். சித்திரை வெயிலில் தகர ஷீட் கூரைக்கு அடியில் பேசின் வைத்தால் புழு வெந்துவிடும். ஓட்டு வீடோ, மேலே இன்னொரு மாடி உள்ள வீடோ தேவலை.

ஐந்தாவது எதிரி தெருவில் வரும் கொசு மருந்துப் புகை. மருந்துக்குக் கொசு வேறு, குளவி வேறு என்று தெரியாது. புகை வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்த வேண்டும். வீட்டிலும் கொசுவர்த்திக்குத் தடா.

அக்கம்பக்கத்தில் சண்டை வரும்

குப்பத்தில் யாராவது இதை ஆரம்பித்தால் முதல் நாள் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"இன்னாடி இது, ஊட்டுல பூச்சி வளக்குற? வேற பொழப்பு கெடைக்கலியா?"

"நீ சும்மா இருக்கா. மீன் விக்கறப்ப நாறுதுன்னுதான் சொன்னாங்க. காசு நாறிச்சா?"

பேச்சோடு போனால் சரி. அந்து வெளியே பறந்து பக்கத்து வீட்டு ரேஷன் அரிசியில் முட்டை வைத்தால் விவகாரம் வேறு. மளிகைக் கடை பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஜன்னலுக்கு நைலான் வலையும், வாசலுக்கு இரட்டைக் கதவும் போடாமல் இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது. காலி செய்த கம்பையும் வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகே வெளியே கொட்ட வேண்டும்.

உடம்புக்கும் ஒரு எச்சரிக்கை. அந்துவின் இறக்கையில் இருந்து மாவு மாதிரி செதில் உதிரும். அது மூச்சில் போனால் சிலருக்குத் தும்மல், இளைப்பு வரும். முகமூடி கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த அறைப் பக்கமே போகக் கூடாது. சமைக்கும் அறையிலும், பிள்ளைகள் படுக்கும் அறையிலும் பேசின் வைப்பது தப்பு.

அட்டை வாங்குவது யார்?

குருசுக்குப்பத்தில் கரும்பு இல்லை. பாகூர், நெட்டப்பாக்கம், திருக்கனூர் பக்கமும், எல்லை தாண்டிக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலும்தான் விவசாயி இருக்கிறார். அட்டையைக் காலை முதல் பஸ்ஸில் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். இன்ஜின் பக்கம் வைத்தால் சூட்டில் குளவி செத்துவிடும்.

போட்டியும் உண்டு. வேளாண் துறைக்குச் சொந்தமாக ஒட்டுண்ணி வளர்ப்பு மையங்கள் இருக்கின்றன. சர்க்கரை ஆலைகளும் தங்கள் கரும்பு விவசாயிகளுக்காக வளர்த்துக் கொடுப்பது வழக்கம். அவர்கள் கொடுக்காத இடத்தில், கொடுக்காத நேரத்தில் போய் நின்றால்தான் தனியாருக்குப் பிழைப்பு.

பாக்டீரியா, பூஞ்சாணத்தில் செய்யும் பூச்சி மருந்தை விற்க 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். உயிருள்ள ஒட்டுண்ணிக்கு அந்தப் பதிவு கேட்பதில்லை. இது சின்னவர்களுக்கு வசதி. ஆனால் செத்த அட்டையைத் தலையில் கட்டும் ஆசாமிகளுக்கும் அதே வசதிதான். விவசாயிக்கு வெறும் கண்ணில் வித்தியாசம் தெரியாது. ஒரு தடவை ஏமாந்தவர் அடுத்த தடவை மருந்துக் கடைக்குத்தான் போவார். அட்டையில் பொரிக்கும் தேதியை எழுதிக் கொடுத்து, அந்தத் தேதியில் பொரித்துக் காட்டுகிறவர்தான் நிலைப்பார்.

ஒரே தடவையில் முடிந்த கதை

எல்லா நல்ல பூச்சியும் நல்ல வியாபாரம் ஆகாது. 2008-ல் கோவை பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி கிளம்பியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. 2010-ல் பியூர்டோரிகோ தீவிலிருந்து ஒரு குளவியை வரவழைத்து விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது.

2020-ல் மரவள்ளி மாவுப்பூச்சி வந்தது. முதலில் கேரளா, பிறகு சேலம், நாமக்கல். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்த குளவியை 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள்.

இந்த மாதிரிக் குளவி வயலில் குடியேறித் தானே பெருகும். விவசாயிக்கு யோகம். ஆனால் வளர்த்து விற்பவருக்கு இரண்டாவது ஆர்டர் வராது. டிரைக்கோகிரம்மா அப்படி அல்ல. 15 நாளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்ட வேண்டும். பால்காரருக்கு வாடிக்கை மாதிரி அது.

மீன் கழிவில் ஈ

மீன் செதிலும் குடலும்தான் இங்கே மலிவாக இருக்கிறதே, அதில் ஏதாவது வளர்க்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். கறுப்புப் படைவீரன் ஈ என்று ஒன்று. இதன் புழு கழிவைத் தின்று இரண்டு, மூன்று வாரத்தில் கொழுத்துவிடும். காய வைத்தால் அதில் சுமார் 40 சதவீதம் புரதம். கோழிக்கும் மீனுக்கும் தீனி. தாய் ஈ சாப்பாட்டுப் பக்கம் வருவதில்லை, நோயும் பரப்புவதில்லை.

ஆனால் நெருக்கமான தெருவில் இதை வைத்தால் நாற்றம் தாங்காது. நகராட்சிக்கு மனு போகும். வீட்டுக்குள் செய்யும் வேலை அல்ல இது. ஊருக்கு வெளியே கொட்டகை போட்டால் பார்க்கலாம்.

பெட்டி பெட்டியாகச் செத்த தேனீ

உயிரை வைத்துச் செய்யும் தொழிலில் கொள்ளைநோய் ஒன்று போதும். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் 1920-களிலேயே ஒய்.எம்.சி.ஏ. மூலம் தேனீ வளர்ப்பு பரவியது. ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைத்துத் தேனும் எடுத்தார்கள், தேனீக் குடும்பத்தையே பெட்டியோடு விற்றும் சம்பாதித்தார்கள்.

1991, 92-ல் 'தாய்லாந்து பை நோய்' என்ற வைரஸ் நோய் வந்தது. புழுக்கள் தண்ணீர்ப் பை மாதிரி ஊதிச் செத்தன. நூறு பெட்டி இருந்த இடத்தில் பத்துப் பெட்டி மிஞ்சுவதே பெரும் பாடாகி விட்டது. தேனை மட்டுமே நம்பி இருந்த குடும்பங்கள் நிலைகுலைந்தன. மீண்டும் தலைதூக்கப் பல ஆண்டு ஆனது.

ஆகவே மீன் கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு யாரும் பூச்சியில் இறங்க வேண்டாம். பக்க வருமானமாக இருக்கும் வரை நஷ்டம் வந்தாலும் தாங்கலாம்.

"நாங்களே வாங்கிக்கறோம்"

கடைசி எச்சரிக்கை ஆசாமிகளைப் பற்றியது. பூச்சியோ பறவையோ, மோசடி ஒரே மாதிரிதான். "நீங்க வளங்க, நாங்களே வாங்கிக்கறோம். மாசா மாசம் பணம்" என்று ஆரம்பிப்பார்கள்.

ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் ஈமு கோழி விவகாரம் இப்படித்தான் முளைத்தது. லட்சக்கணக்கில் டெபாசிட் கட்டி, குஞ்சு வாங்கி, ஜனங்கள் வளர்த்தார்கள். மாதாமாதம் பராமரிப்புப் பணம், ஆண்டுக்கு போனஸ் என்று விளம்பரம். கறி வாங்க ஊரில் ஆள் இல்லை. புதிதாகக் கட்டுபவரின் பணம்தான் பழையவருக்குப் போனது. 2012-ல் எல்லாம் சரிந்தது. தீனி இல்லாமல் கோழிகள் செத்தன. 1997-ம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குகள் பாய்ந்தன.

வளர்த்த பொருளைக் கடைசியில் உபயோகிப்பது யார் என்று கேளுங்கள். அந்த ஆளை நேரில் காட்ட முடியாத கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.

எங்கே கற்றுக் கொள்ளலாம்?

இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் தொடங்கப்பட்டது நம் புதுச்சேரியில்தான். குரும்பாப்பட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் போய் விசாரிக்கலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறைக்கும், பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையத்துக்கும் எழுதித் தாய் அட்டை கேட்கலாம். கடன் வேண்டுமானால் 2015 முதல் இருக்கும் முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை வங்கியில் கேட்கலாம்.

கடன் வாங்கும் முன் இரண்டே இரண்டு பேசின் போட்டுப் பாருங்கள். எறும்பு ஏறாமல், அந்து தப்பாமல், அட்டை கறுக்கிறதா என்று பார்க்க மூன்று மாதம் பிடிக்கும். அந்த முதல் அட்டையை விற்காமல், பாகூரிலோ நெட்டப்பாக்கத்திலோ ஒரு விவசாயியிடம் சும்மா கொடுங்கள். அவர் பதினைந்தாம் நாள் இன்னொன்று கேட்டு ஆள் அனுப்பினால் மூன்றாவது பேசின் வாங்கலாம். அனுப்பாவிட்டால் நஷ்டம் ஐந்து கிலோ கம்போடு போயிற்று.